தாத்தா காலத்து துப்பாக்கி வீட்டில் இருக்கா? பழைய துப்பாக்கிக் கடையும் சட்டமும் சொல்வது என்ன?

பழைய வீட்டை இடிக்கும்போதோ, பாகப்பிரிவினைக்காகப் பரணைச் சுத்தம் செய்யும்போதோ சில குடும்பங்களுக்கு எதிர்பாராத ஒரு பொருள் கைக்கு வரும். துணி சுற்றி, தூசி படிந்து கிடக்கும் ஒரு துப்பாக்கி.

"நூறு வருஷப் பழசு, சும்மா ஷோ பீஸ்தானே" என்று அதைச் சுவரில் மாட்டுபவர்கள் உண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட நினைப்பவர்கள் உண்டு. பக்கத்தில் இருக்கும் லேத் பட்டறையில் கொடுத்து 'வேலை செய்யுதா' என்று பார்ப்பவர்களும் உண்டு. இந்த மூன்றுமே கேஸ், கோர்ட் என்று இழுத்துவிடக்கூடிய வேலைகள்.

அப்படியென்றால் பழைய துப்பாக்கியை யாரிடம் கொண்டு போவது? லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் என்ன நடக்கும்? அங்கே இருக்கும் கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுது பார்க்கும் கைவினைஞர், என்ன பார்ப்பார்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 4 விஷயங்கள்

• பழசு என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் விலக்கு கிடையாது.
• லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை நீங்களே தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதும் தவறு. முதலில் போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.
• லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியை ரிப்பேர் செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை.
• பழைய துப்பாக்கிக்குள் பல ஆண்டுகளுக்கு முன் கெட்டித்த மருந்து அப்படியே இருக்கலாம்.

துப்பாக்கிக் கடைக்குள் என்ன இருக்கும்?

சினிமாவில் வருவது மாதிரி சுவர் முழுக்க நவீன துப்பாக்கிகள் மின்னும் இடம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இந்தியாவின் பழைய துப்பாக்கிக் கடைகளில் பெரும்பாலும் இருப்பது 12 போர் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள், சில ரைஃபிள்கள், ரிவால்வர்கள், ஏர் கன்கள். அவற்றோடு இரும்பு அலமாரிகளும் தடிமனான ரிஜிஸ்டர்களும்.

அது என்ன 12 போர்? ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 குண்டுகளாக உருட்டினால், அதில் ஒரு குண்டின் விட்டம் எவ்வளவோ அதுதான் அந்தக் குழலின் உள்விட்டம். கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். மருந்தும் குண்டும் தனித்தனியாகப் போட்டுச் சுட்ட காலத்துக் கணக்கு இது. இன்றைக்கும் அதே பெயர்தான் நீடிக்கிறது.

கடையில் இருக்கும் துப்பாக்கிகள் எல்லாமே விற்பனைக்கு வந்தவை அல்ல. பல துப்பாக்கிகளில் பெயர்ச் சீட்டு தொங்கும். அவை 'சேஃப் கஸ்டடி' என்ற பெயரில் உரிமையாளர்கள் பாதுகாப்புக்காக விட்டுச் சென்றவை. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைப்பது வழக்கம். அந்த நேரத்தில் அலமாரிகள் நிரம்பிவிடும். இந்தக் காப்புக் கட்டணமும் கடைக்காரர்களுக்கு ஒரு வருமானம்.

துப்பாக்கி, தோட்டா வாங்க லைசென்ஸ் கட்டாயம். யாருக்கு எத்தனை தோட்டா விற்றோம் என்பது ரிஜிஸ்டரில் ஏறும். லைசென்ஸ்தாரர்களுக்கு தனி அடையாள எண்ணும், நாடு தழுவிய டேட்டாபேஸில் பதிவும் இருக்கிறது.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஏன் இவ்வளவு கணக்கு? கொல்கத்தாவில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்லும். 1914 ஆகஸ்ட் 26 அன்று, அங்கிருந்த ரோடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபார நிறுவனத்துக்குக் கப்பலில் வந்த சரக்கில் ஒரு பகுதி மட்டும் குடோனுக்குப் போய்ச் சேரவில்லை. 50 மவுசர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். கம்பெனியில் வேலை பார்த்த ஊழியர் ஒருவரின் உதவியோடு வங்கப் புரட்சியாளர்கள் மாட்டு வண்டியோடு அவற்றைத் திருப்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் போலீஸைப் பல ஆண்டுகள் அலையவைத்த வழக்கு அது.

கன்ஸ்மித் என்ன பார்ப்பார்?

கடையின் பின்பக்கம், ஒரு வைஸ் பொருத்திய மேஜை, அரங்கள், எண்ணெய்க் கிண்ணம். பெரும்பாலும் இதுதான் கன்ஸ்மித்தின் உலகம். பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் அவர் முதலில் பார்ப்பது அது எவ்வளவு விலை போகும் என்பதை அல்ல. உள்ளே லோடு இருக்கிறதா என்பதைத்தான்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் இது பெரிய ஆபத்து. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பத்து, ஐம்பது ஆண்டு கழித்தும் வெடிக்கும் தன்மையோடு இருக்கும். யாரோ ஒரு முன்னோர் கெட்டித்து வைத்து, சுடாமலேயே பரணில் போட்டிருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் 'டிரிகரை ஒருதரம் இழுத்துப் பார்க்கலாமே' என்பது உயிருக்கே உலை வைக்கும் யோசனை.

அடுத்தது குழல். உள்ளே துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறதா, வெளியே நெளிவு, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

சில பழைய இங்கிலாந்து, பெல்ஜியம் துப்பாக்கிகளின் குழலில் அலை அலையாக அழகான கோலம் தெரியும். இவை 'டமாஸ்கஸ்' குழல்கள். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டிச் செய்தவை. பார்க்க அழகு, ஆனால் கரிமருந்தின் அழுத்தத்துக்காகச் செய்தவை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த புகையில்லா மருந்தின் அழுத்தத்தைப் பல டமாஸ்கஸ் குழல்கள் தாங்காது. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால், சுடுபவரின் இடது கை இருக்கும் இடத்தில் குழல் பிளக்க வாய்ப்பு உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தென்னிந்தியாவில் இருந்து போன உருக்கில் செய்த 'டமாஸ்கஸ் வாள்' பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது வேறு, இந்தக் குழல் வேறு. வாளில் தெரிவது உருக்கிலேயே இயல்பாக உருவாகும் கோலம். குழலில் தெரிவது பட்டைகளை ஒட்டியதால் வந்த கோலம். பெயர் மட்டும்தான் ஒன்று.

மூன்றாவது, முத்திரைகள். குழலின் அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாகக் கிரீடம், எழுத்துகள் பொறித்திருக்கும். அவை 'ப்ரூஃப் மார்க்'. அதிக மருந்து வைத்துச் சோதனை செய்து, தாங்கியது என்று தந்த சான்று. லண்டனிலும் பர்மிங்காமிலும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பர்மிங்காம் கூடம் 1813-ல் பாராளுமன்றச் சட்டம் மூலமாகவே தொடங்கப்பட்டது. துப்பாக்கியின் வயது என்ன, எந்த மருந்துக்குச் செய்தது என்பதை அனுபவமுள்ள கன்ஸ்மித் இந்த முத்திரைகளை வைத்தே படித்துவிடுவார்.

அதனால்தான் பழைய துப்பாக்கியை உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. முத்திரை அழிந்தால் வரலாறும் போகும், மதிப்பும் போகும். அதைவிட முக்கியம், தயாரிப்பாளர் பெயர், எண் போன்ற அடையாளங்களை அழிப்பது ஆயுதச் சட்டத்தில் தனிக் குற்றம்.

இந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் துப்பாக்கிக் கைவினைக்குப் பெயர்போன ஊர், பீகாரில் கங்கைக் கரையில் இருக்கும் முங்கேர். வங்காள நவாப் மீர் காசிம் 1760-களில் தன் தலைநகரை முர்ஷிதாபாத்தில் இருந்து இங்கே மாற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனியோடு மோத வேண்டியிருக்கும் என்று தெரிந்து, குர்கின் கான் என்ற ஆர்மீனியத் தளபதியின் பொறுப்பில் ஆயுதப் பட்டறையை அமைத்தார்.

1764-ல் பக்ஸார் போரில் மீர் காசிம் தோற்றார். ஆட்சி போனது, ஆனால் கைத்தொழில் முங்கேரிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் அங்கே ஒரே வளாகத்துக்குள் 30-க்கும் மேற்பட்ட தனியார் யூனிட்டுகளுக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கிகள்தான் அவர்களின் அடையாளம்.

ஆனால் முங்கேர் என்றதும் இப்போது செய்திகளில் வருவது வேறு கதை. சட்டப்படியான ஆர்டர்கள் குறைந்தபோது, தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் கள்ளத்துப்பாக்கிப் பட்டறைகளுக்கும் போனது. 2018-ல் ஜபல்பூர் ராணுவக் கிடங்கில் இருந்து கடத்தப்பட்ட ஏ.கே.47 துப்பாக்கிகள் முங்கேர் பகுதியில் சிக்கின. கிணற்றில் இருந்தெல்லாம் போலீஸார் அவற்றை மீட்டார்கள். கைவினைஞருக்கு நேர்வழியில் வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முங்கேர் ஒரு எச்சரிக்கை.

நூறு வருஷம் ஆச்சுன்னா லைசென்ஸ் வேண்டாமா?

அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. பழைய மாடல், பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதத்துக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. ரிப்பேர் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும்.

அதாவது கேள்வி 'எத்தனை வருஷம் பழசு' என்பது அல்ல. 'இதைச் சரி செய்தால் சுடுமா' என்பதுதான். 1880-ல் செய்த துப்பாக்கி, ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். 'எங்க வீட்டுது சுடாது' என்று உரிமையாளர் சொல்வது செல்லாது. பிரச்னை என்று வந்தால் துறை சார்ந்த நிபுணர் பரிசோதித்துச் சொல்வதுதான் எடுபடும்.

தண்டனை என்ன? லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், விற்றால், ரிப்பேர் செய்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. உதவி செய்வதாக நினைத்து ஒரு பின்னைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரரும் இதில் மாட்டிக்கொள்வார்.

சரி, கிடைச்சா என்ன செய்யணும்?

1. தொடாமல் விடுங்கள். டிரிகரை இழுப்பது, குழலுக்குள் கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பது, வெயிலில் காய வைப்பது எதுவும் வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

2. பேப்பர் தேடுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகம், ரசீது, கடைச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். துப்பாக்கி யார் பெயரில் இருந்தது என்பதுதான் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கும்.

3. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் சொல்லுங்கள். வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைத் தாமதமில்லாமல் அருகில் உள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-வது பிரிவு. யார், எப்படி எடுத்துச் செல்வது என்பதையும் போலீஸிடமே கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.

4. வேண்டும் என்றால் விண்ணப்பியுங்கள். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆகிவிட்டாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கோரலாம். 2016 ஆயுத விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. வாரிசுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகம், மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகம்தான் அணுக வேண்டிய இடம்.

5. வேண்டாம் என்றால் சட்டப்படி கைமாற்றுங்கள். லைசென்ஸோடு வைத்திருப்பவர், தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க நினைத்தால் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம். ஒப்படைத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று வருஷக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாவிட்டால், துப்பாக்கி அரசுக்குப் பறிமுதல் ஆகலாம்.

நாட்டுத் துப்பாக்கி கதை என்ன?

தமிழ்நாட்டில் மலையோரக் கிராமங்களில் புழங்கியது மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாகக் கரிமருந்து, அதன்மேல் பால்ரஸ் குண்டு. காட்டுப்பன்றியிடம் இருந்து பயிரைக் காப்பாற்ற வைத்திருக்கிறோம் என்பார்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்காக இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர ஆயுதச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் உள்ளூர்ப் பட்டறையில் தயாரித்து, எண்ணோ பெயரோ இல்லாமல் புழங்கும் துப்பாக்கிகள் சட்டவிரோதம். அவற்றை ஒப்படைக்கச் சொல்லி மலை மாவட்டங்களில் போலீஸார் அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறார்கள். அப்படி ஒரு அறிவிப்பு வந்தால், தாத்தா விட்டுப்போன துப்பாக்கியைக் கேஸ் பயம் இல்லாமல் ஒப்படைக்க அது நல்ல வாய்ப்பு.

குடகு மக்களுக்கு மட்டும் ஏன் விலக்கு?

பக்கத்தில் இருக்கும் கர்நாடகாவின் குடகில் நிலைமை வேறு. கொடவர்களுக்கும், 'ஜம்மா' நில உரிமை உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் இல்லாமல் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கி வைத்திருக்க விலக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய இந்தச் சலுகையை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-ல் இதைச் சரி என்றது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போள்து பண்டிகையில் துப்பாக்கியைப் பூ வைத்து வணங்குவார்கள். இந்த விலக்கு அவர்களுக்கு மட்டும்தான். குடகில் இருந்து வாங்கினேன் என்று சொல்லி வேறு யாரும் தப்பிக்க முடியாது.

வெளிநாட்டில் நல்ல விலை போகுமாமே?

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலை, வரலாற்று மதிப்புள்ள பொருள், 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அவற்றைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. தங்கக் கம்பி பதித்த பழைய திரி துப்பாக்கி உங்களிடம் இருந்தால், ஆயுதச் சட்டம், தொல்பொருள் சட்டம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

'பழசு' என்று விற்கப்படுவதெல்லாம் பழசும் இல்லை. பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே இருக்கும் தர்ரா ஆதம் கேல் என்ற ஊர், பிரிட்டிஷ் துப்பாக்கிகளை அப்படியே நகல் எடுப்பதில் உலகப் புகழ் பெற்றது. அங்கே செய்த துப்பாக்கிகள் ஆப்கானிஸ்தான் சந்தைகளில் 'விக்டோரியா காலத்துப் பழம்பொருள்' என்று விற்கப்பட்டன. முத்திரையில் எழுத்துப்பிழை, திருப்பிப் போட்ட எழுத்து, ராணி இறந்த பிறகான ஆண்டோடு ராணியின் முத்திரை. இப்படித்தான் நகல்கள் மாட்டிக்கொள்கின்றன. இதையும் கண்டுபிடிப்பது முத்திரை படிக்கத் தெரிந்த கண்தான்.

கடைகள் ஏன் குறைகின்றன?

புது லைசென்ஸ் எளிதில் கிடைப்பதில்லை. வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்துபோனது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி எண்ணிக்கை 2019 திருத்தத்தில் மூன்றில் இருந்து இரண்டாகக் குறைந்தது. முதலில் ஒன்றுதான் என்று மசோதா வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு இரண்டானது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இதே வரம்புதான். மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் அதை ஒப்படைக்க வேண்டியிருந்தது.

பாதுகாப்பு நோக்கில் இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணம் இருக்கிறது. அதே சமயம், வேலை குறைந்ததால் அடுத்த தலைமுறை இந்த மேஜைக்கு வரத் தயங்குகிறது. அரத்தோடு சேர்ந்து, முத்திரை படிக்கும் அறிவும் போகிறது.

போனால் என்ன ஆகும்? தஞ்சாவூரே உதாரணம். 1855-ல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அதன்பிறகு அரண்மனை ஆயுதக் கிடங்கில் இருந்தவற்றில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதி மட்டுமே சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. மீதியில் பெரும்பகுதி உடைக்கப்பட்டு, பழைய உலோகமாகவே போய்விட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று பார்ப்பது அப்படித் தப்பியவற்றைத்தான்.

உங்கள் வீட்டில் கிடைத்தது பெரிய மதிப்புள்ளதா, வெறும் துரு இரும்பா என்பது பார்த்தவுடன் தெரியாது. அதைச் சட்டப்படி ஒப்படைத்து, தெரிந்தவர் கையில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுத்தால் குடும்பமும் பாதுகாப்பாக இருக்கும், பொருளும் வீணாகாது. சந்தேகம் இருந்தால் முதல் போன், அருகில் இருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கு.